அன்னாசிப்பழம் போட்ட ஜெர்சி

திருப்பூரில் சட்டை கிடைக்காமல் ஒரு கால்பந்து ஆட்டம் நிற்கப் பார்த்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன், அந்த அணிக்கு நான் மேனேஜராக இல்லாமல் இருந்திருந்தால்.

மேனேஜர் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களிடம் திட்டு வாங்குவது என் உத்தியோகம். எங்கள் முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். கம்பெனி ஆட்களையும் அக்கம்பக்கத்துப் பையன்களையும் சேர்த்து ஒரு கிளப் வைத்திருந்தார். திருமுருகன்பூண்டியில் சாமி சிலை செதுக்குகிற பையன்தான் எங்கள் விங்கர். தட்டுத் தடுமாறி அந்த கிளப் தேசிய லீக்கின் மூன்றாம் பிரிவுக்கு ஏறிவிட்டது. வெளிமாநில அணிகளோடு இந்தி பேச ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அன்றோடு போயிற்று.

மூன்றாம் பிரிவு ஆட்டத்தை டிவியில் காட்டமாட்டார்கள். கூட்டமும் தானாக வராது. அதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். கேன்சலான ஆர்டரில் மிஞ்சிய டீ-சர்ட்டுகளை மைதானத்து வாசலில் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். வந்தவர்கள் பந்தைப் பார்க்க வந்தார்களா, டீ-சர்ட்டுக்கு வந்தார்களா என்று நான் ஆராய்ந்ததில்லை. அந்த வருடத்து டீ-சர்ட் நல்ல மஞ்சள். மார்பில் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கும் ஓர் அன்னாசிப்பழம்.

சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். டிரா செய்தால் போதும், பிரிவில் நிலைப்போம். தோற்றால் கீழே இறங்குவோம், இறங்கினால் கிளப்பை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு அதில் தூக்கம் மிச்சம். எங்கள் கேப்டனுக்கு அப்படியில்லை. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் டெய்லர். முப்பதைத் தாண்டிவிட்டார், வலது முழங்கால் மழைக்கு முன்பே வலித்துச் சொல்லிவிடும். கிளப் இறங்கினால் பூட்ஸைக் கழற்றிவிடுவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். அந்த அம்மா எங்கள் கம்பெனியில்தான், தைத்து வந்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் செக்‌ஷன். ஞாயிறுதோறும் வீங்கிய முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துச் சலித்துப்போனவர். அதுவரை மைதானத்துப் பக்கமே வராதவர், அன்று காலை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு நேராக வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எதிரணி வெளியே வந்தது. அவர்கள் ஜெர்சியும் நீலம், எங்களுடையதும் நீலம். கிட்டத்தட்ட நீலம்கூட இல்லை, அதே நீலம். அவர்களும் திருப்பூரில்தான் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஜெர்சி போக மிஞ்சிய துணியை வாங்கிய யூனிட் அவர்களுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய மாற்று ஜெர்சிப் பை ரயிலோடு போய்விட்டதாம். அரைமணி நேரத்துக்குள் நீங்கள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு என்று நடுவர் என்னிடம் சொன்னார்.

எங்களுக்கும் மாற்று ஜெர்சி உண்டு, வெள்ளை. முதலாளியிடம் ஓடிக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். அந்த செட்டையே கூரியரில் அனுப்பிவிட்டாராம்.

"பையர் சாம்பிள் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுங்களா தம்பி?"

விளையாடுகிற அணியின் சட்டையைச் சாம்பிளாக அனுப்ப எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சம்பளம் கொடுக்கிறவரிடம் காட்ட முடியாததால் தண்ணீர் கேனை உதைத்தேன். கால்தான் வலித்தது. கம்பெனிக்குப் போய் வர நேரமில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் கேலரி முழுக்க அன்னாசிப்பழம் சிரித்துக்கொண்டிருந்தது.

கேட்டவுடன் கழற்றினார்கள். ஆண்கள் பனியனோடு உட்கார்ந்துகொண்டார்கள், திருப்பூரில் அதில் என்ன வெட்கம். பெண்கள் சுடிதாருக்கு மேல் மாட்டியிருந்ததைக் கழற்றி வீசினார்கள். என்னுடையதையும் கொடுத்துப் பார்த்தேன், என் தொப்பைக்கு எடுத்த அளவு எந்த ஆட்டக்காரனுக்கும் நிற்கவில்லை. நீல ஜெர்சிகளின் முதுகிலிருந்து எண்ணைச் சதுரமாக வெட்டி மஞ்சளில் வைத்துத் தைப்பது என்று முடிவாயிற்று. செக்கிங் பெண்களின் கைப்பையில் ஊசியும் நூலும் நூல் வெட்டும் கத்தரியும் இல்லாமல் இருக்காது. கேலரி ஒரு தையல் லைனாக மாறியது.

கேப்டன் தன் மனைவி கொடுத்த டீ-சர்ட்டை எடுத்துக்கொண்டார். அதற்கு எண்ணைத் தைத்தவன் பேக்கிங் செக்‌ஷன் பையன். தைத்து முடித்ததும் அந்த அம்மா வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்து, மடமடவென்று பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். மற்ற எல்லாரும் மஞ்சளில் வரிசையாக நிற்கிறார்கள், கேப்டன் மட்டும் வெற்று உடம்போடு.

நான் படியேறி ஓடினேன்.

"இது பாஸ் ஆகாதுண்ணே. நம்பர் சாஞ்சிருக்கு."

"விடுங்கம்மா, அதை யாருங்க பாக்கப் போறா?"

"நான் பாப்பேம்லா."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆட்டம் நடக்காமல் போனால் யாருக்கு லாபம்? வேண்டுமென்றே இழுக்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் அந்தக் கை ஓடிய வேகம் இழுக்கிற ஆளின் வேகமாக இல்லை. நாலு மூலையையும் விரலால் அளந்து தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பி, கம்பிக்கு மேலே சட்டையை வீசினார். நடுவர் விசிலை வாயில் வைத்தபோது கேப்டனின் தலை சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

எதிரணிக்காரர்கள் அன்னாசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு கோல் போட்டார்கள். அதன்பின் நாங்கள் முட்டினோம், மோதினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரு கார்னர். சிலை செதுக்குகிற பையன் அடித்த பந்து யார் யார் தலையிலோ பட்டுக் கீழே விழுந்து, கூட்டத்தில் நின்ற எங்கள் கேப்டனின் வலது முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது. குறி வைத்து அடித்ததாக அவர் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். எப்படியோ கோல். டிரா. அடுத்த வருடமும் என் ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று தெரிந்தும் குழந்தை மாதிரிக் குதித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆட்டம் முடிந்தால் ஜெர்சி மாற்றிக்கொள்வது வழக்கம். எதிரணிக் கேப்டனுக்கு அன்னாசிமேல் ஆசை வந்துவிட்டது. தன் நீலத்தைக் கழற்றி நீட்டினான். நம்மவர் மஞ்சளைப் பாதி தூக்கியிருப்பார், கேலரிக் கம்பியைப் பிடித்தபடி அந்த அம்மா கூப்பிட்டார்.

"குடுத்துராதிய. அடுத்த சீசனுக்கு வேணும்."

கேப்டன் அப்படியே நின்றார். பிறகு சட்டையை இறக்கி, இழுத்துச் சரிசெய்துகொண்டு, நொண்டி நொண்டி கேலரியை நோக்கி நடந்தார். முதுகில் எண் கொஞ்சமும் சாயவில்லை.

நீலச் சட்டையோடு நீட்டிய கை நீட்டியபடி நின்றவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் அன்னாசியைக் கழற்றி அவனுக்குக் கொடுத்துவிட்டு, பனியனோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.