அகலக் குழாய்

அன்று எங்கள் மோட்டார் கொட்டகை முன்னால் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, சித்தப்பா, வாலாஜாபேட்டையிலிருந்து வந்த விதைக்கடைக்காரர், நான். வரவேண்டியவர் ஒருவர் வரவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்த்துச் சொல்வதாகப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன அதிகாரி. அந்தப் பாட்டில் எந்த மேசைக்கடியில் உருள்கிறதோ.

கடைக்காரர் புதிய பீர்க்கு ரகத்தின் நோட்டீஸை என்னிடம் நீட்டினார். முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன்தான், கல்லூரியில் தாவரவியல். நோட்டீஸில் தண்டின் குறுக்குவெட்டுப் படம் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் ரெக்கார்டு நோட்டில் நான் வரைந்த அதே படம்!

"நைனா, இந்த ஓட்டைங்கதான் சைலம். வேர்லருந்து தண்ணி ஏர்ற குழாய். நம்ம நாட்டு ரகத்துல சின்னது, இதுல பெருசு," என்றேன் அப்பாவிடம்.

"பெரிய பைப்புன்னா தண்ணி ஜாஸ்தி வரும்," என்றார் சித்தப்பா. "அப்ப காயும் ஜாஸ்தி."

"அதேதாங்க!" கடைக்காரர் சிரித்தார். "புள்ளைய படிக்க வெச்சது வீண் போகல பாருங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மயங்கிப்போனேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: நல்ல தண்ணீர் உள்ள நிலத்துக்கு மட்டும். கண்ணில் பட்டது. வாயில் வரவில்லை.

அரை ஏக்கரில் பந்தல் போட்டோம். ஓர வரிசையில் மட்டும் அம்மா, தான் எடுத்துவைத்திருந்த நாட்டு விதையை ஊன்றினார். புதுக்கொடி கிடுகிடுவென்று ஏறியது. வெயில் முற்றியதும் மத்தியானத்தில் துவண்டது. பிறகு காலையிலும் நிமிரவில்லை. போனில் கேட்டால், "தண்ணி கம்மியா உட்றீங்க, ஜாஸ்தி உடுங்க," என்றார் கடைக்காரர். விட்டோம். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு இறங்கிய கிணறு. விட விட மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. காய்த்தது ஓர வரிசை மட்டும், சின்னச் சின்னதாக.

இரண்டு கொடியிலும் தண்டு வெட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சிவப்புச் சாயத்தில் நிறுத்தினேன். நாட்டுத் தண்டில் சாயம் நுனிவரை ஏறியது. புதியதில் ஒரு சாணோடு நின்றுவிட்டது. உப்பு மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கக் கொடி படாத பாடு படவேண்டும். அந்த இழுப்பில் அகலமான குழாய்க்குள் தண்ணீர் இழை சீக்கிரம் அறுந்து காற்று புகுந்துவிடும். குறுகலான குழாய் தாங்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

தண்டுகளோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இன்னா தம்பி, பிராக்டிகலா? மார்க் போடணுமா?"

"கீழ இருந்த வரிய நீங்க ஏன் சொல்லல?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"படிச்சுக் காட்டுனது நீதானே தம்பி?"

கடைக்காரர் நிதானமாக ஒரு தாளை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். "வெதைக் காசு நாலாயிரத்த திருப்பித் தந்துட்றேன். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

அப்பா பேனாவைத் தொடவில்லை. "படி," என்றார் என்னிடம். "ஒரு எழுத்து உடாம படி."

படித்தேன். தண்ணீர் சரியாகப் பாய்ச்சாததால் பயிர் போனது, விதையில் குறையில்லை. இதை மற்ற விவசாயிகளிடம் காட்டச் சம்மதம்.

"பொழுதன்னிக்கும் மோட்டார் ஓட்டுனவன் நானு," என்றார் அப்பா. "தண்ணி உடலன்னு என் கையாலயே எழுதித் தரணுமா? இதக் காட்டி இன்னும் நாலு பேர் குடியக் கெடுப்ப. நீயே வெச்சிக்க உன் காச."

பஸ்ஸில் அப்பா கேட்டார்.

"அந்த வரி அன்னிக்கே உன் கண்ல பட்டுச்சா?"

"பட்டுச்சு, நைனா."

கம்பி, கல்தூண், எரு, கூலி, வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த விதைக் காசு நாலாயிரமும் சேர்த்து, அந்த ஒரு வரியின் விலை நாற்பத்து மூன்றாயிரத்து அறுநூறு ரூபாய்.