எவேலியோ சொன்ன நான்கு பெயர்கள்

ஹவானாவின் மத்தியப் பூங்காவில், சிலைக்குப் பின்புறம் எங்கள் மூலை. காலை பத்து மணிக்குக் கூட ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் முப்பது பேர் சேர்ந்துவிடுவோம். மூக்கோடு மூக்கு உரச நின்று கத்துவோம். அந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் கத்திக்குத்து விழப்போகிறது என்று ஒதுங்கிப் போவார்கள். நாங்கள் பேஸ்பால் பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் பெரிய வாய் எவேலியோவுடையது. குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். தொண்ணூற்றேழாம் வருஷம் அது. உதிரிபாகம் எதுவும் வராது, மின்சாரமும் பாதி நாள் இருக்காது. ஆகவே அவனுக்கு வேலை இல்லை. எனக்கும் அப்படித்தான். நான் பஸ் ஓட்டுபவன், பஸ்ஸுக்கு டீசல் இல்லை. காகிதக் கூம்பில் வறுத்த கடலை வாங்கி வைத்துக்கொண்டு எவேலியோ தொடங்கினால் ஒரே மூச்சில் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான நீலச்சட்டையில் ஆரம்பித்து, குத்துச்சண்டைக்குத் தாவி, வாலிபால் பெண்களின் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டு, மறுபடி நீலச்சட்டைக்கே வந்து நிற்பான். நடுவில் யாரும் புக முடியாது.

பொய்யே சொல்லாத உத்தமன் என்று சொல்ல வரவில்லை. மனைவியிடம் சொல்வான், மேலதிகாரியிடம் சொல்வான். விளையாட்டில் மட்டும் அவனுக்குப் பொய் வராது. இறுதி ஆட்டத்தன்று காலையில் சொந்த அணி தோற்கும் என்று சொல்லி, எங்களிடமே அடி வாங்கியிருக்கிறான். மாலையில் அணி தோற்றது.

அவனுடைய தங்கை மகன் ஓஸ்மானி, நீலச்சட்டையின் பிட்சர், அதாவது பந்து எறிபவன். இருபத்திரண்டு வயது. இடது கையால் அவன் எறியும் பந்து, அடிக்க வருகிறவனின் முட்டிக்குக் கீழே போய் விழும். இரண்டு வருஷமாக எவேலியோவின் பேச்சில் முக்கால்வாசி அவன்தான். அந்த அக்டோபரில் அணி ஒரு போட்டிக்காக மெக்சிகோ போவதாக இருந்தது.

எனக்கு ரொம்பப் பிந்தித் தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் இறங்கியதும் ஓஸ்மானி அணியை விட்டு ஓடிவிடுவதாக இருந்தான். அங்கிருந்து வடக்கே, அமெரிக்காவின் பெரிய ஆட்டங்களுக்கு. அதைப் பெற்ற தாயிடம்கூட அவன் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் சோறு சாப்பிட்டு முடித்ததும் மாமனைக் கடற்கரைச் சுவர்வரை கூட்டிக்கொண்டு போய் அவனிடம் மட்டும் சொன்னான். இந்த மாதிரி எண்ணம் வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். விமானம் ஏற முடியாது. அதன்பிறகு எந்த மைதானத்திலும் கால் வைக்கவும் முடியாது. ஆகவே எவேலியோ செய்ய வேண்டியது ஒன்றுதான். மூன்று வாரம் எப்போதும் போலப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பேசினான். சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒருவர் இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மடித்த செய்தித்தாள். கோடைமுழுக்க ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் தலையசைப்பார், யார் பக்கமும் பேசமாட்டார். எங்கள் மூலையில் நாய்க்குக்கூட ஒரு அணி உண்டு. அவருக்கு எந்த அணி என்று யாருக்கும் தெரியவில்லை. அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒருநாள் வம்பை இழுத்தவன் சான்டியாகோக்காரன் பூச்சோ.

"அடுத்த சீசன்ல உங்காளுங்க தேறமாட்டாங்கப்பா. பிட்சருக்கே நாதியில்ல."

"யாருக்குடா நாதியில்ல?" எவேலியோ கடலைக் கூம்பை என்னிடம் தள்ளினான். "விரலை மடக்கிக்க. ஆளுக்கொரு ஆட்டமா, பந்தெறிஞ்சு ஆரம்பிக்கிறதுக்கு நாலு பேர்." இரண்டு பழைய ஆட்களைச் சொன்னான். மூன்றாவதாக, நாங்கள் குண்டன் என்று கூப்பிடுகிறவனைச் சொன்னான். நான்காவதாக, போன வருஷம் முழுக்கத் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டிருந்த ஒரு பொடியனைச் சொன்னான். "இந்த நாலு பேர் போதும். உங்க ஊர்க்காரன் மட்டையைத் தூக்கிட்டு வரட்டும், பாப்போம்."

யோசித்துத்தான் சொன்னான். கண்ணை மூடி, அடுத்த சீசனை மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்திருப்பான். அதில் ஓஸ்மானி இல்லை. இல்லாதவனை இருப்பதாகச் சொல்ல அவனுக்கு வரவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், நான். பூச்சோ கவனிக்கவே இல்லை. நான்தான் கேட்டேன், ஊருக்கே கேட்கிற குரலில்.

"ஏன்யா, வாளி தூக்குறவனுக்கு எடம் குடுத்தியே, உன் மருமகன் எங்கய்யா? மாமனும் மருமகனும் சண்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எவேலியோவும் சிரித்தான்.

"சொந்தக்காரப் பயலைச் சொன்னா, குடும்பத்துக்குப் பரிஞ்சு பேசுறேம்பீங்க. அதான் விட்டேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்போம். அவன் நிறுத்தவில்லை.

"அதுபோக அவனுக்குத் தோள்ல வேற வலி. அடுத்த சீசன் சந்தேகந்தான்."

பெஞ்சிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் முதல்முறையாக வாய் திறந்தார். மிருதுவான குரல்.

"அடடா. எந்தத் தோளுங்க?"

"வலது," என்றான் எவேலியோ.

யாரும் சிரிக்கவில்லை. ஓஸ்மானி எந்தக் கையால் எறிபவன் என்பது ஹவானாவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பூச்சோ தன் செருப்பைப் பார்த்தான். என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை, ஏதோ ஆகிவிட்டது என்பது மட்டும் புரிந்தது. அந்த மனிதர் செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்து, "சீக்கிரம் கொணமாகட்டும்," என்று சொல்லி எழுந்து போனார். அதன்பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

எவேலியோ மறுநாளும் வந்தான். ஓஸ்மானியின் இடது கையைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசினான். வலியெல்லாம் போய்விட்டது என்றான், இந்த வருஷம் இருபது ஆட்டம் ஜெயிப்பான் என்றான். அவன் பேசப் பேச எங்களில் ஒவ்வொருவராகத் தள்ளி நிற்க ஆரம்பித்தோம். நானும்தான்.

ஒன்பதாம் நாள் வானொலியில் மெக்சிகோ போகும் அணியை வாசித்தார்கள். இருபத்துநான்கு பெயர். பூங்கா மூலையில் பூச்சோவின் டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்று கேட்டோம். வாசித்து முடித்தபின், விட்டுப்போன பெயரைத் திரும்பச் சொல்வார்களோ என்று பேட்டரி தீரும்வரை எவேலியோ காத்திருந்தான். யாரும் காரணம் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஓஸ்மானியின் சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவன் இப்போது ஒரு ரொட்டி ஆலையில் மாவு மூட்டை தூக்குகிறான், அதே இடது தோளில்.

சீசன் தொடங்கியது. எவேலியோ சொன்ன அதே நால்வர்தான் இறங்கினார்கள். வாளி தூக்கிய பொடியன் நன்றாகவே எறிந்தான். அதைப் பற்றி மூலையில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் துணிந்து அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு குளிர்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் கேட்டிருக்கக் கூடாது, எவேலியோ. என் நாக்கை அறுத்துப் போடணும்."

"போடா. அந்த நாலு பேரைச் சொன்னா எவனா இருந்தாலும் கேப்பான். நான் உன் எடத்துல நின்னிருந்தா, நானுந்தான் கேட்டிருப்பேன்." தலை நிமிரவில்லை. ஒரு திருகை எடுத்துச் சட்டையில் துடைத்தான். "இதுவரைக்கும் ஓடுனவனெல்லாம் எப்பிடிப் போனான்? பெத்தவங்ககிட்டகூட மூச்சு விடாமப் போனான். போய்ச் சேந்தான். இவன் ஒருத்தனுக்குத்தான், மாமங்கிட்டயாவது சொல்லிட்டுப் போவோம்னு தோணிச்சு."

உள்ளே, மாமன் வீட்டுக்கு வந்திருந்த ஓஸ்மானி இருமும் சத்தம் கேட்டது. எவேலியோ எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.