முயலுக்குப் பின்னிய ஸ்வெட்டர்

நடந்தது இதுதான்:

1. எங்கள் மலைக்கிராமம் வட்டவடையின் குளிருக்காக என் முயலுக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டேன்.
2. சில நாளில் முயல் தின்பதை நிறுத்திவிட்டது.
3. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா மேல் பழி போட்டேன்.

அக்கா தன் தோட்டத்து முட்டைக்கோஸ் இலைகளை முயலுக்குக் கொடுப்பார். வீட்டிலிருந்து மென்பொருள் வேலை செய்யும் எனக்குப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஆனால் அன்று ஆராயாமலே, "மருந்தடிச்ச எலையக் குடுத்து இப்பிடிப் பண்ணிட்டீங்களேக்கா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"நாங்க திங்கிறதுக்குப் போட்ட பாத்தி பாப்பா. அதுல மருந்தே அடிக்கிறதில்ல," என்றார் அக்கா. நான் நம்பவில்லை. ஆனாலும் முயலை மருத்துவரிடம் காட்ட மூணாறு போகும் ஜீப்பில் அவரும் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

மருத்துவர் முயலின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரின் ஓரத்தைத் திருப்பினார். முயல் அதைக் கடித்துக் குதறியிருந்தது.

"கம்பளி நூலத் தின்னு அடைச்சிருக்கு. யாரு இதப் போட்டுவிட்டது?"

அக்காதான், "குளிருமேன்னு ஆசையாப் போட்டோம் சார்," என்றார்.

திரும்பும்போது ஜீப்பில் அவர் காதோடு மன்னிப்புக் கேட்டேன். "விடு பாப்பா," என்றார்.

முயல் பிழைத்துவிட்டது. அக்கா கொடுத்த இலையால்தான் அது சாகக் கிடந்தது என்று தெருவில் சிலர் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.