மாமாவுக்கு என் தொகுதி எப்படித் தெரியும்?

கனடாவில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். புருஷனோடு என்ன சண்டை, மூட்டு வலிக்கு என்ன மாத்திரை, மாமியார் எப்போது கிளம்புகிறார், எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும். யாருக்கு ஓட்டு என்று மட்டும் கேட்கக் கூடாது. வந்த புதிதில் அது தெரியாமல், பக்கத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டேன். சம்பளத்தைக் கேட்டிருந்தால்கூட அவள் அவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டாள். எங்கள் சங்கராபுரத்தில் எந்த வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் என்பது பால்காரர் முதல் டவுன் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். கனடாவிலோ, வீட்டு முன்னால் புல்தரையில் வேட்பாளரின் பலகையை நட்டு வைத்திருப்பவர்கூட வாயைத் திறந்து சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் ஓட்டு என்றால் அது மாமா சொல்வதுதான். அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு எங்களைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை வாங்கி ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றிவிடுவது அவர் தொழில். தேர்தலுக்கு முந்தின நாள் சோற்றில் கை வைத்தபடியே, "இந்த தபா இவருக்கு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. அம்மாவும் தலையாட்டுவாள். ஆனால் ஒருமுறை துணி அலசிக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஓட்டு போடற எடத்துல அந்த அட்டைக்குப் பின்னாடி நான் ஒருத்திதான்டி நிக்கறேன். அங்க உங்க மாமன் வர முடியாது." யாருக்குப் போட்டாள் என்று கடைசி வரை சொல்லவில்லை. அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று இருப்பது மாமா வீடு ஒன்றுதான். நான் இங்கே எழுதுகிற பயமெல்லாம் அந்த வீட்டை இழந்துவிடுவேனோ என்கிற பயம்தான்.

கனடாவில் குடியுரிமை கிடைத்து நான் முதன்முதலாக ஓட்டுப் போட இருந்த சமயம், டிவியைத் திறந்தால் ஒரே பேச்சு. வெளிநாடுகள் இந்த நாட்டுத் தேர்தலில் கை வைக்கின்றன என்று குற்றச்சாட்டு. அதிகம் அடிபட்ட பெயர்கள் சீனாவும் இந்தியாவும். ஆதாரம் எங்கே என்று ஒருவர் கேட்பார்; அது ரகசியம் என்று இன்னொருவர் சொல்வார்; அப்படி எதுவுமே இல்லை என்று சம்பந்தப்பட்ட நாடுகள் மறுக்கும். அரசாங்கங்கள் ஒன்றின் தூதர்களை ஒன்று திருப்பி அனுப்பிக்கொண்டன. ஊருக்குப் போக விசா கிடைக்குமா என்று எங்களைப் போன்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் மாமா போன் செய்தார்.

"இன்னா கண்ணு, ஒங்க ஊர்ல ஓட்டு வருதாமே. நம்ம ஆளு ஒருத்தரு நிக்கிறாரு. அவருக்கே போட்டுடு."

சொன்னது எனக்குப் புதிதல்ல. கடல் தாண்டினாலும் மாமா மாமாதானே என்று சிரித்துக்கொண்டேன். அவர் சொன்ன வேட்பாளர் தமிழர்கூட இல்லை, வடக்கத்திய வம்சாவளி. எப்படி நம் ஆளானார் என்று நான் கேட்கவும் இல்லை. போனை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் இருக்கும் ஊரின் பெயர் மாமாவுக்கு இன்றுவரை வாயில் நுழைந்ததில்லை. அவருக்கு எல்லாமே கனடா. அப்படிப்பட்டவர் அன்றைக்கு வேட்பாளர் பெயரோடு என் தொகுதியின் நீண்ட பெயரையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

மறுநாள் இதை லின்னிடம் சொல்லிச் சிரித்தேன். லின் என்னோடு சமையலறையில் வேலை செய்பவள், சீனாவிலிருந்து வந்தவள். என் புளிச்சோற்றை அவளும் அவள் முட்டைக்கோஸ் பொரியலை நானும் பங்கு போட்டுக்கொள்வோம். ஊரில் மாமா ஒருவர் யாருக்கு ஓட்டு என்று சொல்வதை ஒரு குற்றமாக நினைக்க எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பின்கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"தொகுதியின் பெயரைச் சொன்னாரா? அவரை அனுப்பியது யார்?" என்று கேட்டாள்.

யாரும் அனுப்பவில்லை, அவர் கிழங்கு வியாபாரி என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அவளுக்கும் ஊரிலிருந்து இப்படி ஏதாவது வந்ததா என்று கேட்டேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே அவள் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாள். என்னோடு உட்கார்ந்தால் தனக்கு ஆபத்து என்று நினைத்தாளா, இல்லை நான் சொன்னதை எங்காவது போய்ச் சொல்லியிருப்பாளா என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதை நிறுத்தினேன். எங்கள் இருவருக்கும் பெயர்கூடத் தெரியாத அதிகாரிகளின் பகையை, நாங்கள் சோற்று மேசையில் நடத்திக்கொண்டிருந்தோம். தேர்தல் அன்று அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றபோது அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். யாருக்குப் போட்டேன் என்று உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

ஒருவழியாக விசா வந்து ஊருக்குப் போனபோது மாமா வீட்டில் கல்யாண வேலை தொடங்கியிருந்தது. அவர் மகள் செல்விக்கு உளுந்தூர்பேட்டையில் மாப்பிள்ளை. பத்திரிகையில் யார் யார் பெயர் போடுவது என்று பேச்சு வந்தது. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைக்கிறவர்களாக உறவினர் பெயர்களைக் கீழே வரிசையாக அச்சடிப்பது வழக்கம். அதில் யார் மேலே, யார் கீழே என்பதற்கே பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. மாமா யோசிக்கவே இல்லை. "எங்க அக்கா இருந்தா அவ பேரு மொதல்ல வரும். அவ இல்ல, அதனால இவ பேரு மொதல்ல" என்று என்னைக் காட்டினார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். வாயை மூடிக்கொண்டு அத்தோடு இருந்திருக்கலாம்.

கிழங்குக்கு முன்பணம் கொடுக்க மாமா மலைக்குக் கிளம்பியபோது நானும் காரில் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் வளைந்து ஏறி வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த வேட்பாளரைப் பற்றி யார் சொன்னது?

"மில்லுக்கு வடக்கேர்ந்து ஒருத்தரு சரக்கு எடுக்க வருவாரு. அவருதான் சொன்னாரு. அப்பறம் வாட்சப்புல அனுப்பிச்சாரு."

நான் கனடாவில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்றேன். எங்கள் வீட்டுப் பெண் கனடாவில் இருக்கிறாள் என்று தானே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார் மாமா. சரி, தொகுதி? மாமா டீயை ஆற்றினார். அவருக்கே அது அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னேன். ஆங்கிலத்தில் வேட்பாளர் பெயர், தமிழ் எழுத்தில் என் தொகுதியின் பெயர். வேறொன்றுமில்லை. லின்னிடம் காட்டி, பார், இவ்வளவுதான் விஷயம் என்று சொல்ல நினைத்து, என் போனை எடுத்து அதைப் படம் பிடித்தேன்.

"இன்னாத்துக்கு போட்டோ புடிக்கிற?"

சும்மாதான் மாமா என்றேன். அவர் தன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வந்து ஒக்காந்ததுலேர்ந்து இத்தையே கேட்டுக்கினு இருக்குற. ஒன்ன யாரு அனுப்பிச்சாங்க கண்ணு? அந்தூரு போலீஸா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அதுவே இன்னும் தப்பாகப் போயிற்று. ஒன்றுமில்லாவிட்டால் எதற்கு அழிக்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இறங்கும்போது காரில் பாட்டுகூடப் போடவில்லை. மறுநாள் கனடா திரும்ப நான் கிளம்பியபோது பஸ் ஏற்றிவிட வந்தவர் என் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார், பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. விருந்தாளிகளை அவர் அப்படித்தான் வழியனுப்புவார்.

போன வாரம் பத்திரிகை தபாலில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையின் மேல் என் பெயரும் கனடா முகவரியும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்கே தபாலில் பத்திரிகை வருமா? பிரித்ததும் கீழே இருக்கும் பெயர்களைத்தான் பார்த்தேன். முதலில் அத்தையின் அண்ணன். பிறகு மாமாவின் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். மில் முதலாளி பெயர்கூட இருந்தது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடினேன். என் பெயர் இல்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். அன்பாகத்தான் பேசினார். "ஒன் நல்லதுக்குதான் கண்ணு. ரெண்டு நாட்டுக்கும் ஆவாத நேரம். ஒம் பேரு எதுக்கு பேப்பர்ல? நீ வந்து உக்காந்து சாப்ட்டு போ, அது போதும்." சரிங்க மாமா என்று வைத்துவிட்டேன்.

அதே நாள் தபாலில் நகராட்சித் தேர்தலுக்கான வாக்காளர் அட்டையும் வந்திருந்தது. அதில் மட்டும் என் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து முழுதாக, பிழையில்லாமல் இருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்தபோது பத்திரிகையில் தடவியிருந்த மஞ்சள் வாக்காளர் அட்டையில் ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். என் பெயர் மேல் இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம். வாக்குச்சாவடியில் இது என்ன கறை என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று இப்போதிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.