மலர்விழி வீட்டு இலைச் சோறு

ஒகேனக்கல் போகிற வழியில் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் மலர்விழிக்கு ராகிக் களி கிண்டுகிற வேலை. நாலு வருஷமாகிறது. நீச்சல் குளத்துக்குப் பின்னால் ‘கிராமத்து வீடு’ என்று ஒரு கூரைக் குடிசை போட்டு, சாணம் மெழுகி, அரிக்கேன் விளக்கு ஒன்றையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சீருடை கண்டாங்கிச் சேலை. செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கும் இந்தப் பென்னாகரம் பக்கத்துக்கும் என்ன சம்பந்தமோ, அதை எடுத்துக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். அவள் களி கிண்டுவதைப் போட்டோ எடுப்பார்கள். ஒரு ஓரம் கிள்ளி வாயில் போட்டு, பல்லில் ஒட்டுகிறதென்று சிரித்துவிட்டு பஃபேக்குப் போய்விடுவார்கள். மீந்த உருண்டைகளைப் பார்த்தால் அவளுக்கு வயிறெரியும்.

சென்னையிலிருந்து தனியாக வந்திருந்த நிர்மலா அப்படிப் போகவில்லை. பேங்க் வேலையில் ரிட்டயர் ஆனவர். போட்ட களியை முழுசாகச் சாப்பிட்டார். மூன்று நாளும் குடிசையிலேயே உட்கார்ந்து பேசினார். மூன்றாம் நாள் சாயங்காலம், “இதெல்லாம் ஷூட்டிங் செட் மாதிரி இருக்கு மலர். உங்க நிஜ வீட்டைப் பார்க்கணும். அங்க ஒரு வேளை சாப்பிடணும்” என்றார்.

மலர்விழிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் ரிசார்ட்டுக்கு வந்த ஒருத்தரும் அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. “நாளைக்கு எனக்கு லீவுதாங்க, மத்தியானம் வாங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்ன நிமிஷத்திலிருந்து ஒரே கவலை. வந்தவர் வயிறாரச் சாப்பிட வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வைத்ததைக் கொறித்துவிட்டு எழுந்துவிட்டால் அதைவிட மனத்தாங்கல் அவளுக்கு வேறு இல்லை.

அவள் வீட்டுக்காரன் மாதையன் பரிசல் ஓட்டுகிறவன். “நமக்கு ஆக்கற களியிலயே ரெண்டு உருண்ட சேத்துப் போடேன். அதத்தான அந்தம்மா ஆசையா சாப்புடுது?” என்றான்.

“உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதா? வூட்டுக்கு வந்தவங்களுக்குக் களியா போடுவாங்க?”

மறுநாள் முட்டை வைக்கிற கோழியையே அடித்துக் குழம்பு வைத்தாள். பொன்னி அரிசி வாங்கிச் சோறாக்கினாள். ரசம், அப்பளம், சேமியா பாயசம். தங்களுக்கு மட்டும் களி கிண்டி மூலையில் மூடி வைத்தாள்.

நிர்மலா வந்தார். டைல்ஸ் தரையையும் பீரோவையும் சுற்றிப் பார்த்தார். இலையில் வெள்ளைச் சோறு விழுந்ததும் அவர் முகம் லேசாக வாடியது. மலர்விழிக்கு அது தெரியாமலா போகும்? நாலு வாய் சாப்பிட்டவர், மூலையில் இருந்த பாத்திரத்தைக் காட்டினார்.

“அது களிதானே?”

“அது எங்களுக்குங்க.”

“அங்க எனக்கு தினமும் போட்டீங்களே மலர்?”

கரண்டியும் கையுமாக நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அது வேலைங்க. யாரு வந்தாலும் போடச் சொல்லியிருக்காங்க, போடறேன். இது என் வூடு. எங்க அம்மா வூட்டுலருந்து ஆளுங்க வந்தா இப்படித்தான் எலை போட்டுச் சோறாக்குவேன். உங்களுக்கும் அப்படித்தாங்க ஆக்குனேன்.”

நிர்மலா குழம்பை நன்றாகப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

“ரசத்துக்குச் சோறு போடுங்க” என்றார். “கொஞ்சம் கூடவே போடுங்க.”

மலர்விழி போட்டாள். போதும் போதும் என்று அவர் கையால் மறித்தும் விடாமல் போட்டாள். அவரும் மல்லுக்கட்டிச் சாப்பிட்டார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து இருவரும் உட்கார்ந்தபோது சோற்றுப் பானை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. “எனக்கு ஒரு வாய் சோறுகூட வெக்கலயா?” என்று மாதையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “இல்லைங்க, எல்லாத்தையும் அவங்களே சாப்பிட்டாங்க” என்று அவன் தட்டில் களியைப் போட்டாள் மலர்விழி. அதைச் சொல்லும்போது அவளுக்கு அத்தனை சந்தோஷம்.