படலை முதல் சுவர் வரை

பிராங்பேர்ட்டுக்கு வடக்கே, மோர்மன் கிறிஸ்தவர்களின் கோயில் இருக்கிற ஒரு சிறிய ஊரில் வீடு வாங்கினோம். கோயிலுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று அந்தச் சபைக் குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அடுத்தடுத்துக் குடியேறியிருந்தன. நடுவில் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். "வீடு பாக்கேக்க இதை ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று இவர், என் கணவர், இன்றைக்கும் சிரிப்பார்.

எனக்கு அயலவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. இணையம்தான் உயிரை வாங்கியது. ஜெர்மன் தெரியாத தமிழர்கள் வைத்தியரிடம் போனால், வீட்டிலிருந்தபடி காணொளியில் மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. எங்கள் ஒழுங்கையின் பழைய செப்புக் கம்பியோ நினைத்தபோது வேலை செய்யும், நினைத்தபோது படுத்துக்கொள்ளும். ஒருநாள் ஒரு பெண்ணிடம் அவளுடைய கட்டியைப் பற்றி வைத்தியர் சொல்லத் தொடங்கிய இடத்தில் இணைப்பு அறுந்தது. திரும்பக் கிடைத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். வைத்தியர் என்ன சொன்னார் என்று அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. வேலை தருகிறவர்கள் எனக்குக் கடைசி எச்சரிக்கை தந்துவிட்டார்கள். நல்ல இணைப்பு வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

பெரிய கம்பனிகள் எங்கள் ஒழுங்கையை எட்டியும் பார்க்கவில்லை. கடைசியில் ஊருக்குத் தண்ணீரும் மின்சாரமும் தருகிற நகரசபை நிறுவனமே கடைசி வீடு வரைக்கும் இணையத்துக்கான கண்ணாடி இழை போட முன்வந்தது. தெருவில் அவர்கள் தோண்டுவார்கள். தெருவாசல் படலையிலிருந்து வீட்டுச் சுவர் வரை, விரும்பினால், வீட்டுக்காரரே வாய்க்கால் வெட்டிக் கொடுக்கலாம். நாங்களே வெட்டுவோம் என்று இவர் வீறாப்பாகக் கையெழுத்து வைத்தார். பிறகு முதுகில் ஒப்பரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டார். எங்கள் வளவோ நீளமானது, வாதுமை மரத்து வேர் வேறு. திங்கட்கிழமை இழை போட வருகிறவர்கள் வாய்க்காலைக் காணாவிட்டால் எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். அடுத்த முறை எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இதையெல்லாம், அந்தப் பெண் அழுததையும் சேர்த்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் வேலிக்கு மேலால் சொல்லிப் புலம்பினேன். உதவி ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை இவர் யன்னலடியில் நின்று கத்தினார். "இஞ்ச வந்து பாரும், கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கினம்!"

படலையில் சபையே நின்றது. வங்கியில் வேலை செய்கிறவர், பல் வைத்தியர், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள், எல்லோர் கையிலும் மண்வெட்டி. மதம் பேசத்தான் போகிறார்கள் என்று பயந்தேன். அன்று முழுக்க அவர்கள் பேசியதெல்லாம் வாதுமை வேரைப் பற்றித்தான்.

மதக் கட்டுப்பாட்டால் அவர்கள் தேநீர், கோப்பி தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெருமையோடு தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்தேன். வேலை முடிகிற நேரத்துக்குப் பெரிய பானையில் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் ஆக்கினேன். மதியம் தாங்கள் கொண்டுவந்த பாண் துண்டுகளைத் தேசிக்காய்த் தண்ணீரோடு சாப்பிட்டார்கள். பொழுதுபடும்போது வாய்க்கால் சுவரைத் தொட்டது. நான் சோற்றுக் கோப்பைகளை அடுக்கினேன். ஒருவரும் எடுக்கவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள்.

மண் வெட்டிய சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? எனக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்கட உறைப்புக்குப் பயந்திட்டினம்" என்றார் இவர்.

பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசமாம். சனி மதியச் சாப்பாட்டோடு சரி, மறுநாள் பின்னேரம் வரை பச்சைத் தண்ணீரும் இல்லை.

"ஒவ்வொரு முறையும் ஒரு காரியத்தை நினைத்துத்தான் இருப்போம்" என்றார் ஜெர்மனில். "இந்த முறை உங்களை நம்பிப் பேசுகிறவர்களுக்காக. அவர்களுடைய பேச்சு நடுவில் அறுந்துபோகக் கூடாது."

கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கிறவள்தான் நானும். என் பிள்ளைக்கு, என் வீட்டுக்கு என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தியின் பேச்சு அறுந்துபோகக் கூடாதென்று பட்டினி கிடக்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கறிப்பானை மறுநாள் பின்னேரம் சபை மண்டபத்துக்குப் போய், வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. உறைப்பைப் பற்றி இவர் அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தவர்கள் குழாயை வாய்க்காலில் கிடத்தி, இயந்திரத்தால் காற்றடித்து, மயிரிலும் மெல்லிய இழையை அதற்குள்ளால் அனுப்பினார்கள். கண்ணாடி காற்றில் ஓடி எங்கள் சுவருக்குள் வந்தது. இனி அதற்குள் ஓடப்போவது வெறும் வெளிச்சம் என்றார்கள். நம்ப முடியாமல் சுவரைத் தடவிப் பார்த்தேன்.

அந்த வாரமே ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஓர் அழைப்பு. இரண்டு முறை கரு கலைந்த ஓர் இளம்பெண், மறுபடி உண்டாகியிருந்தாள். வைத்தியர் ஸ்கான் கருவியை வயிற்றில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். முன்பென்றால் "கேக்குதா, கேக்குதா" என்று கத்தியிருப்பேன். இப்போது வைத்தியரின் கண் அசைவது தெரிந்தது. அவளுடைய மூச்சுக் கேட்டது. ஒன்றும் அறுந்துபோகவில்லை, அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏன் அவர் ஒண்டும் சொல்லேல்லை?"

"பாக்கிறார், பிள்ளை. நான் இஞ்சதான் நிக்கிறன்."

பிறகு அது கேட்டது. டக் டக் டக்கென்று, மூச்சு விடாமல் ஓடுகிற சின்னச் சத்தம். வைத்தியர் எங்கள் பக்கம் திரும்பி வாய் திறக்குமுன் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மொழிபெயர்க்க எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை.