மூட்டைக்குப் பின்னால் அரை மணி நேரம்

நாமக்கல் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. நான் யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. தியானம் என்றால் அதுவும் ஏமாற்று வேலை என்பேன். தம்மம்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த பழனியண்ணன், தினமும் மதியச் சோற்றுக்குப் பிறகு அரை மணி நேரம் கோழிக் கொட்டகையின் கோடியில் தனியாக இருப்பார். கேட்டால், "சும்மா உக்காந்திருந்தேனுங்க" என்பார். எவனாவது சும்மா உட்காருவானா? முட்டை திருடுகிறார் என்றே முடிவு கட்டினேன்.

ஒரு நாள் அவருக்கு முன்பே போய், அங்கிருந்த தீவன மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கோழிகள் ஒரே கூச்சல். அசைந்தால் இன்னும் கத்தும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அவர் வந்தார், சப்பணமிட்டார், கண்ணை மூடினார். அவ்வளவுதான். காத்திருந்தேன். தம்பி மேல் சந்தேகம், தீவனக்காரர் மேல் சந்தேகம், எல்லாம் வரிசையாக வந்து போயின. பிறகு எதுவும் வரவில்லை. எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

அவர் எழுந்து, திரும்பாமலே சொன்னார்: "நான் வரும்போதே கோழி கத்துச்சுங்க, ஆள் இருக்குதுன்னு தெரிஞ்சுது. இப்ப அதுகளே உங்கள மறந்துருச்சுங்க. எந்திரிச்சு வாங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது நானும் தினமும் அங்கே போய் உட்காருகிறேன். வீட்டில் கேட்டால், அவரைக் கண்காணிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?